பவளத் தொட்டியில் நத்தை: எந்த வழி தேறும்?

நெமிலிக்கும் கடலுக்கும் இடையே ஒரு மாவட்டமே கிடக்கிறது. இங்கே வீட்டுக்குள் பவளத் தொட்டி வைக்க நினைப்பவர் கடலின் ஒவ்வொரு கூறையும் கையால் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஆர்.ஓ.வில் வடித்து, லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் கடலுப்புக் கலவையைக் கரைக்க வேண்டும். சென்னை கொளத்தூரிலோ வேறு ஊரிலோ பாறையும் மென்பவளமும் வாங்கி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அரக்கோணம் வரை ரயிலில் எடுத்து வர வேண்டும். கடலோரத்தில் குடியிருப்பவர் அள்ளி வந்த கடல்நீரோடு நத்தைக் குஞ்சும் வந்துவிட்டது என்று சொல்லலாம். நெமிலிக்காரருக்கு அந்தச் சமாதானம் கிடையாது. தொட்டியில் ஒரு நத்தை தென்பட்டால், அது நம் கை வழியாகவே நுழைந்திருக்கிறது.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. தொல்லை நத்தைகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அவை பெருகிய பிறகுதான் தொடங்குகிறது. என்ன மருந்து ஊற்றலாம், எந்த மீனை விட்டால் தின்னும், எதைக் கொண்டு பெயர்க்கலாம் என்றுதான் கேள்விகள் வருகின்றன. ஒவ்வொரு வழிக்கும் அதைச் செய்து வெற்றி கண்டவர் ஒருவர் சாட்சி சொல்வார். சாட்சியங்களை அடுக்குவதால் தீர்ப்பு கிடைக்காது. எல்லா வழிகளையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்க வேண்டும். நான் நான்கு கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். அந்த வழி குறிப்பிட்ட நத்தையை உண்மையிலேயே நிறுத்துகிறதா? தொட்டியில் வாழும் மற்ற உயிர்களை என்ன செய்கிறது? தவறு நேர்ந்தால் பின்வாங்க முடியுமா? தொட்டியை விட்டு வெளியேறுவது எங்கே போய்ச் சேர்கிறது?

நான்குக்கும் முன்னால் தீர்க்க வேண்டியது ஒன்று உண்டு: அது எந்த நத்தை? பவளத் தொட்டியில் அழைக்காமல் வந்து சேரும் நத்தைகளில் பெரும்பாலானவை தொல்லை தருவதே இல்லை. இரவில் கண்ணாடியில் மொய்க்கும் சில மில்லிமீட்டர் அளவுள்ள கொலோனிஸ்டா பாசியைத் தின்று வாழ்வது. தட்டையான சிறு ஓட்டைச் சுமந்துகொண்டு வேகமாக நகரும் ஸ்டொமடெல்லாவும் அப்படியே. மணலுக்குள் புதைந்திருந்து உணவு வாசம் பட்டதும் எழுந்து வரும் நசாரியஸ், மீந்துபோன தீனியை அப்புறப்படுத்துகிறது. இவற்றைக் கண்டதும் கொல்பவர் தன் தொட்டியின் துப்புரவுப் பணியாளர்களைத்தான் கொல்கிறார். எண்ணிக்கை கூடியிருப்பதே அச்சத்துக்குக் காரணம் என்றால், அவை தின்னும் பாசியும் எச்சத் தீனியும் கூடியிருக்கின்றன என்பதே அதன் பொருள்.

உண்மையான தொல்லைக்காரர்கள் நான்கு வகை. முதலாவது பிரமிடெல்லிட். சில மில்லிமீட்டர் நீளமே உள்ள, வெண்மையான, கூம்பிய நத்தை. மற்ற நத்தைகளுக்கு உள்ள அரம் போன்ற நாக்கு இதற்கு இல்லை. நீண்ட உறிஞ்சுகுழலை மற்றொரு நத்தையின் அல்லது சிப்பியின் சதைக்குள் செலுத்திச் சாற்றைக் குடிக்கிறது. பகலில் ஓட்டின் அடியில் ஒளிந்துகொண்டு இரவில் வெளியே வரும். இரண்டாவது ஹெலியாக்கஸ். பொத்தான் போன்ற பூக்களாய் விரியும் சோவாந்திட்களைத் தின்பதே இதன் பிழைப்பு, பகலில் அவற்றின் தண்டுகளுக்கு நடுவிலேயே பதுங்கியிருக்கும். மூன்றாவது ட்ரூபெல்லா. கல்பவளத்தின் சதையைச் சுரண்டித் தின்று வெள்ளை எலும்பை விட்டுச் செல்லும். ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் நிங்கலூ பவளத்திட்டில் 1980களில் இது பெருகிப் பெரும் பரப்பை அழித்தது. நான்காவதும் வீட்டுத் தொட்டிகளில் மிக அதிகமாகக் காணப்படுவதும் வெர்மெட்டிட் எனும் புழுநத்தை. பாறையோடு சுண்ணக் குழாயாக ஒட்டிக்கொண்டு, சளியால் ஆன வலையை நீரில் விரித்து, மிதக்கும் துகள்களைப் பிடித்துத் தின்கிறது.

வெர்மெட்டிட்டைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. அது வெறும் அழகுக்கேடு, விட்டுவிடலாம் என்பது ஒரு கட்சி. பவளத்தையே கொல்லும் என்பது மற்றொன்று. இரண்டாம் கட்சி காட்டும் ஆதாரம் பிரெஞ்சு பாலினீசியாவின் மூரியா தீவில் நடந்த ஆய்வு. ஷீமா, ஓசன்பெர்க், ஸ்டையர் ஆகியோர் 2010இல் அதை வெளியிட்டார்கள். புழுநத்தைகள் இருந்த இடத்தில் பவளத்தின் எலும்பு வளர்ச்சி 81 விழுக்காடு வரையும், உயிர்பிழைப்பு 52 விழுக்காடு வரையும் குறைந்ததாக அவர்கள் கண்டார்கள். வலுவான ஆதாரம்தான். ஆனால் அதை அப்படியே வீட்டுத் தொட்டிக்குப் பொருத்துவது சரியாகாது. அவர்கள் ஆராய்ந்தது அளவில் பெரிய இனம். நம் தொட்டிகளில் பெருகுபவை பெரும்பாலும் சிறியவை. அந்த ஆய்விலேயே எல்லாப் பவளங்களும் ஒரே அளவில் பாதிக்கப்படவில்லை. ஆகவே அந்த எண்களை நம் தொட்டியின் கணக்காகச் சொல்லக் கூடாது. சளிவலை படிந்த பவளம் சுருங்கும் என்ற செயல்முறை மட்டும் சிறிய இனத்துக்கும் பொருந்தும். வலை பவளத்தின் மேல் விழுகிற இடத்தில் உள்ள புழுநத்தையை அகற்ற வேண்டும். வடிகட்டிப் பெட்டியின் மூலையில் இருப்பதை விட்டுவைப்பதால் நட்டமில்லை. ஒன்றுகூட மிஞ்சக் கூடாது என்ற வெறியும் வேண்டாம், என்ன ஆனாலும் பரவாயில்லை என்ற அசட்டையும் வேண்டாம் என்பதே அந்த ஆய்வை நேர்மையாகப் படித்தால் கிடைக்கும் முடிவு.

இனி வழிகளை எடைபோடுவோம். முதலில் மருந்து. நிலத்து நத்தையைச் செம்பால் கொல்லலாம் என்பது நம் பக்கத்து விவசாயிகளும் அறிந்தது. கேரளத்தில் ஆப்பிரிக்க ராட்சத நத்தை தோட்டங்களை மொய்த்தபோது புகையிலைக் கஷாயத்தோடு மயில்துத்தம் கலந்து தெளிக்கும் முறை பரிந்துரைக்கப்பட்டது. தோட்டத்தில் அது பலிக்கிறது. பவளத் தொட்டியில் அதே செம்பு நத்தையோடு இறாலையும், நண்டையும், பவளத்தையும் சேர்த்தே கொல்லும். கடல்மீனின் வெண்புள்ளி நோய்க்கு லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் செம்பு போதும் என்கிறார்கள். அந்த அளவே முதுகெலும்பில்லா உயிர்களுக்கு எமன். சுண்ணப் பாறையும் மணலும் செம்பை உறிஞ்சி வைத்துக்கொள்வதால், ஊற்றியவர் வருந்தினாலும் திரும்ப எடுக்க வழியில்லை. மூன்றாம் கேள்வியிலேயே இந்த வழி தோற்றுவிடுகிறது.

பாறையையே எடுத்துக் கொதிக்க வைத்தால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. இதை எந்த வீட்டிலும் செய்யக் கூடாது. சோவாந்திட் வகைகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. பாறையைக் காய்ச்சினால் அது ஆவியோடும் நீர்த்துளியோடும் மூச்சில் போகும். இங்கிலாந்தில் ஸ்டீவென்டன் என்ற ஊரில் 2018இல் ஒரு குடும்பமே மருத்துவமனைக்குப் போனது, தொட்டியில் இருந்த பவளத்தைச் சுத்தம் செய்யப்போய் நேர்ந்த விபத்து. நத்தைக்காகக் குழந்தைகள் உள்ள வீட்டின் அடுப்பில் இந்தப் பரீட்சை வேண்டாம்.

அடுத்தது நத்தையைத் தின்னும் உயிரை விடுவது. கேட்க மிக நியாயமாகப்படும் யோசனை. இயற்கையில் ஒன்றை ஒன்று தின்கிறதே, தொட்டியிலும் தின்னட்டும் என்கிறார்கள். இந்த யோசனையை ஒரு தீவு முழுவதிலும் செய்து பார்த்த வரலாறு உண்டு. அதுவும் அதே மூரியாதான். ஆப்பிரிக்க ராட்சத நத்தையைத் தின்று தீர்க்கட்டும் என்று 1977இல் அங்கே யூக்லாண்டினா ரோசியா என்ற ஊனுண்ணி நத்தையை விட்டார்கள். அது ராட்சத நத்தையை ஒதுக்கிவிட்டு, அந்தத் தீவுக்கே உரிய சிறிய பார்ட்டுலா நத்தைகளைத் தேடித் தின்றது. பத்தே ஆண்டுகளில் மூரியாவின் காடுகளில் பார்ட்டுலா இனங்கள் அற்றுப்போயின. உயிரியல் பூங்காக்களில் காப்பாற்றி வைத்திருந்த சிலவற்றால்தான் அவற்றின் வம்சம் தொடர்கிறது. வேட்டை உயிர் எதைத் தின்ன வேண்டும் என்று நாம் கட்டளையிட முடியாது. எளிதில் கிடைப்பதையே அது தின்னும்.

தொட்டியில் இதே பாடம் சிறிய அளவில் திரும்ப நடக்கிறது. பிரமிடெல்லிட்டுக்கு ஆறுகோட்டு ராஸ் மீனைச் சொல்வார்கள். அது பகலில் மேயும் மீன், பிரமிடெல்லிட் இரவில் வெளிவரும் நத்தை. மீன் கண்ணில் பட்ட சிலவற்றைக் கொத்தித் தின்னும். ஓட்டின் அடியில் உள்ளவையும் முட்டைக் கூழும் அப்படியே தங்கிவிடும். அதோடு இந்த மீன் வளர வளரச் சண்டைக்காரனாகிறது, பின்னால் விடும் அமைதியான மீன்களை விரட்டுகிறது, நமக்கு வேண்டிய நுண்ணிய இறால்வகைகளையும் தீர்த்துக்கட்டுகிறது. பாறைகளுக்கிடையே நுழைந்துகொண்டால் அதைப் பிடித்து வெளியே எடுக்கத் தொட்டியையே கலைக்க வேண்டும். புழுநத்தைக்குப் பரிந்துரைக்கப்படும் பம்பிள்பீ நத்தை சில தொட்டிகளில் அதைத் தின்றிருக்கிறது, வேறு சிலவற்றில் மணற்புழுக்களைத் தின்றுவிட்டு அதோடு நின்றுவிட்டது. முதல் கேள்விக்குப் பாதி விடையும், இரண்டாம் கேள்விக்கு மோசமான விடையும் கொடுக்கும் வழி இது. அந்த மீனை அதன் அழகுக்காகவே வளர்க்க விரும்புகிறவர் விடலாம். வைத்தியமாக எண்ணி விடக் கூடாது.

மூன்றாவது கைவேலை. விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்துச் சிவப்பு ஒளியில் பார்த்து, ஹெலியாக்கஸையும் ட்ரூபெல்லாவையும் இடுக்கியால் எடுக்கலாம். பிரமிடெல்லிட் பிடித்த நத்தையைத் தனியே எடுத்து, ஓட்டைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, ஓட்டில் ஒட்டியிருக்கும் கூழ் போன்ற முட்டைகளையும் அகற்றி, சில நாளுக்கு ஒருமுறை இதையே திரும்பச் செய்யலாம். புழுநத்தையின் குழாயை அடியோடு பெயர்க்க வேண்டும். நுனியை மட்டும் ஒடித்தால் அது குழாயைத் திரும்பக் கட்டிக்கொள்ளும். பெயர்க்க முடியாத இடத்தில் வாயைச் சயனோஅக்ரிலேட் பசையால் அடைக்கலாம். கூழ்ப்பதமான பசையாக இருக்க வேண்டும், நீர்த்த பசை வழிந்து பவளத்தின் மேல் படியும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. சோவாந்திட் நஞ்சு ஒரு காரணம். கடலிலிருந்து நேரே வந்த பாறையாக இருந்தால் கூம்பு நத்தை ஒளிந்திருக்கும் வாய்ப்பு இன்னொரு காரணம். அதன் கொட்டு உயிரையே பறிக்கும்.

கைவேலையின் மேல் உள்ள குற்றச்சாட்டு, அது முடிவதே இல்லை என்பது. குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. ஆயிரம் புழுநத்தை உள்ள பாறையைக் கையால் தீர்க்க முடியாது. ஆனால் பெருகிவிட்ட பிறகு எந்த வழிதான் முடிக்கிறது? மற்ற வழிகள் வேறு உயிர்களைப் பலி வாங்கிவிட்டுத் தோற்கின்றன. கைவேலை தோற்றாலும் தொட்டி அப்படியே இருக்கிறது. வேண்டிய இடத்தில் மட்டும் செய்யலாம், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். இரண்டாம், மூன்றாம் கேள்விகளில் முழு மதிப்பெண் வாங்குவது இது ஒன்றே.

தீனியைக் குறைப்பது நான்காவது. புழுநத்தை மிதக்கும் துகளை நம்பி வாழ்வதால், தூள் தீனியையும் பவளத்துக்கென்று விற்கும் திரவ உணவையும் அளவோடு போட்டால் அதன் பெருக்கம் தளரும். இந்த வழிக்கு ஓர் எல்லை உண்டு. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அடியோடு இல்லாமல் போகும்படி தொட்டியைப் பட்டினி போட்டால் பவளம் வெளிறும். டைனோஃப்ளாஜெல்லேட் என்ற பழுப்புச் சளி படர்ந்து, அது நத்தையைவிடப் பெரிய தொல்லையாகும். பிரமிடெல்லிட்டுக்கும், ஹெலியாக்கஸுக்கும், ட்ரூபெல்லாவுக்கும் இந்த வழி பயன்படாது. அவற்றின் உணவு நாம் வளர்க்கும் உயிர்களின் சதை. துணைவழியாக மட்டுமே இது தேறும்.

ஐந்தாவது, தனிப்படுத்தி வைத்தல். வாங்கி வந்த எந்தப் பவளத்தையும், பாறையையும், நத்தையையும் முதன்மைத் தொட்டியில் விடாமல், வேறு சிறிய தொட்டியில் நான்கு முதல் ஆறு வாரம் வைத்துக் கவனிப்பது. அயோடின் கலந்த நீரில் பவளத்தை முக்கி எடுப்பது இதற்கு ஈடாகாது. அந்த முக்கல் மூடியிட்டு ஓட்டுக்குள் பதுங்கும் நத்தையையும், குழாய்க்குள் ஒடுங்கும் புழுநத்தையையும், முட்டையையும் விட்டுவிடும். முட்டை பொரிந்து குஞ்சு கண்ணில் படும்வரை காத்திருப்பதுதான் தனித்தொட்டியின் பலம். பவளத் துண்டு ஒட்டி வரும் அடிக்கட்டையை நறுக்கி எறிந்துவிட்டுப் புதுக் கட்டையில் ஒட்டினால், புழுநத்தையின் முக்கால்வாசி வழி அங்கேயே அடைபடும்.

இதற்கு எதிரான வாதத்தை நெமிலியில் இருந்துகொண்டு அலட்சியப்படுத்த முடியாது. கத்திரி வெயிலில் இந்தப் பக்கம் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். பவளத்துக்கு 25 முதல் 27 டிகிரி வேண்டும். ஒரு தொட்டியைக் குளிர்விப்பதற்கே சில்லரும் மின்கட்டணமும் கழுத்தை நெரிக்க, இரண்டாவது தொட்டிக்கு எங்கே போவது? கேள்வி நியாயமானது. இதற்கு என் விடை, வாங்குவதை மட்டுப்படுத்துவது. தனித்தொட்டி ஆண்டு முழுவதும் ஓட வேண்டியதில்லை. குளிர்மாதங்களில், ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை மட்டும் புது உயிர்களை வாங்கி, அந்தச் சில வாரங்களுக்கு இருபது லிட்டர் தொட்டி ஒன்றை ஓட்டலாம். மாதந்தோறும் புதுத் துண்டு வாங்கும் ஆசைதான் நத்தை நுழையும் வழி, அந்த ஆசைக்கு ஒரு பருவம் வகுத்தால் செலவும் சுருங்கும்.

முன்னெச்சரிக்கையின் நியாயம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. தோல் பதனிடும் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கில், வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த மனுவின் மேல், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடு இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றும், தன் செயல் தீங்கற்றது என்று காட்டும் பொறுப்பு அதைச் செய்பவருடையது என்றும் அது நிலைநாட்டியது. தீங்கு நடந்த பிறகு நிரூபித்துக்கொண்டிருந்தால் ஆறு போய்விடும் என்று கண்டவர்கள் நாம். தொட்டிக்கும் இந்த முறையே பொருந்தும். புதிதாக வரும் பவளத்தில் நத்தை இல்லை என்று தெரியும்வரை அதில் நத்தை இருப்பதாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

வாங்கும் பொருளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடலிலிருந்து நேரே பெயர்த்த பாறைதான் தொல்லை நத்தைகளின் பெரிய வாகனம். அதோடு அது சட்டத்தையும் தொடும் விஷயம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் கல்பவளங்கள் அனைத்தும் சேர்க்கப்பட்டன. கடற்குதிரைகளும், ராட்சதச் சிப்பிகள் சிலவும் அந்தப் பாதுகாப்பில் உண்டு. நம் கடலிலிருந்து எடுத்த இவற்றை விற்பதும் வாங்குவதும் குற்றம். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்ததன் விளைவாக விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரு தீவுகள் நீரில் மூழ்கின. எஞ்சிய 21 தீவுகளைக் காக்க 1986இல் அங்கே தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. இந்த வரலாறு தெரிந்தவர் கடற்பாறையைக் கேட்டு வாங்க மாட்டார். உலர்ந்த செயற்கைப் பாறை வாங்கி, நன்மை செய்யும் நுண்ணுயிர்களை அதில் மெல்ல வளர்த்தெடுத்தால், தொட்டி நிலைபெறச் சில மாதங்கள் கூடுதலாகும். பிரமிடெல்லிட்டும் ட்ரூபெல்லாவும் பாறை வழியாக வர வாய்ப்பே இராது.

நான்காவது கேள்வியை எந்த வழியைப் பற்றியும் யாரும் கேட்பதில்லை. வெளியேறுவது எங்கே போகிறது? அகற்றிய நத்தையையும் மாற்றிய நீரையும் சாக்கடையிலோ ஏரியிலோ கொட்டுவது இங்கே வழக்கம். கேசாவரம் அணைக்கட்டைத் தாண்டிப் பூண்டி வழியாக ஓடும் கொசஸ்தலை ஆறு எண்ணூரில் கடலோடு சேர்கிறது. அந்த முகத்துவாரத்தில் இன்று, தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சிப்பி ஆற்றுப்படுகையைப் பாய் விரித்தது போல் மூடியிருக்கிறது. எண்ணூர் மீனவர்கள் அதைக் காக்கா ஆழி என்கிறார்கள். கப்பல்களின் நிலைப்பு நீரோடு வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. இறால் புதையும் சேறும், உள்ளூர் மட்டியின் இடமும் பறிபோய், பசுமைத் தீர்ப்பாயம் வரை விவகாரம் சென்றது. கடல் நத்தை நன்னீரில் பிழைக்காது என்பது உண்மை. ஆனாலும் அந்நிய உயிரை வெளியே விடும் பழக்கம் எந்த நீரிலும் கூடாது. எடுத்த நத்தையை ஒரு நாள் உறைபெட்டியில் வைத்துப் பிறகு குப்பையில் போடுவதே முறை.

நீரைப் பற்றியும் கணக்குப் பார்க்க வேண்டும். 200 லிட்டர் தொட்டியில் வாரம் 20 லிட்டர் மாற்றினால், வாரத்துக்கு 700 கிராம் உப்பு, ஆண்டுக்கு 36 கிலோவுக்கு மேல் வெளியேறுகிறது. பச்சைத்தோல் அழுகாமல் இருக்கத் தடவிய உப்புதான் ஊறவைத்த நீரோடு இறங்கி, இந்தப் பக்கத்துக் கிணறுகளைக் கெடுத்த காரணங்களில் ஒன்று. தொட்டியின் உப்பு அளவில் அற்பம்தான், ஆனால் விழுவது அதே மண்ணில். தோல் ஆலைகளின் ஆவியாக்கத் தொட்டிபோல, மாடியில் ஆழமற்ற தட்டு ஒன்றை வைத்து வெயிலில் வற்றவிட்டு, மிஞ்சும் உப்பை மட்டும் அள்ளிப் பையில் கட்டலாம். நத்தைக்குப் பயந்து அடிக்கடி நீரை மாற்றுபவர் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்கட்டும். நீர்மாற்றம் நத்தையைக் கொல்வதில்லை.

தனிப்படுத்தலும் நூறு விழுக்காடு காப்பதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு முட்டைக் கூழ் தப்பினால் போதும். ஆனால் ஒன்றிரண்டு தப்பி வருவதைக் கையால் தீர்க்க முடியும். நூறாகப் பெருகிய பிறகு முடியாது. தடுப்பும் கைவேலையும் இப்படி ஒன்றையொன்று தாங்குகின்றன, வேறெந்த இரண்டு வழிகளும் அப்படிச் சேர்வதில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. மருந்துக்குத் தொட்டியில் இடமில்லை. தின்னும் உயிரை வைத்தியமாக எண்ணி வாங்குவது தவறு. தீனியைக் குறைப்பது புழுநத்தைக்கு மட்டும், எல்லைக்குள் நின்று உதவும். கண்டறிந்து, பவளத்துக்குத் தீங்கு நேரும் இடத்தில் மட்டும் கையால் அகற்றுவது ஏற்கத்தக்க வைத்தியம். முதலிடம் தனித்தொட்டிக்கும், உலர்பாறைக்கும், குறைவாக வாங்கும் கட்டுப்பாட்டுக்கும் உரியது. தனித்தொட்டிக்கு வசதியில்லாதவர் புதுப் பவளம் வாங்குவதைத் தள்ளிப்போட வேண்டும். அதைத் தள்ளிப்போட மனமில்லாதவர், நத்தை பெருகிய பிறகு மருந்துக் கடையில் தீர்வு தேடக் கூடாது.